பீரோவில் பூட்டிய ஓட்டு

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு, எனக்கு வயது 59. காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஆறு ஏக்கர் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். அடுத்த மக்களவைத் தேர்தலில் நிற்கப்போவதாகச் சொல்லி ஒருவர் இப்போதே எங்கள் பக்கம் ஊர் ஊராகக் கூட்டம் போடுகிறார். குடும்பம், கோயில், கட்டுப்பாடு என்று பேசுகிறவர். பொது சிவில் சட்டம் வேண்டும், ஒரே நாடு ஒரே தேர்தல் வேண்டும், பெண்ணின் திருமண வயதை 21 ஆக்க வேண்டும், காதல் கல்யாணத்துக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும், இலவசங்களை ஒழிக்க வேண்டும் என்கிறார். எல்லாமே எனக்குச் சரியாகப் படுகிறது. அவருக்காக வேலை செய்கிறேன். ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் என் மகளுக்கு (26) இது பிடிக்கவில்லை. தொகுதி மறுவரையறை வந்தால் தமிழ்நாடு என்ன ஆகும், அவரிடம் கேட்டீர்களா என்று போனில் சண்டை. பொங்கலுக்கு வரவில்லை, ஆடிப்பெருக்குக்கும் வரவில்லை. என் மனைவி பதினேழு வயதில் இந்த வீட்டுக்கு வந்தவள், அவளுக்கு இதெல்லாம் தெரியாது. எல்லாருடைய ஓட்டு அட்டை, ஆதார், அவளுடைய ஆயிரம் ரூபாய் ஏடிஎம் கார்டு எல்லாம் என் பீரோவில்தான் பத்திரமாக இருக்கும். தேர்தலன்று எடுத்துக் கொடுத்துச் சின்னத்தைச் சொல்லி அனுப்புவேன், அப்படியே போட்டுவிட்டு வந்துவிடுவாள். பிரச்சினை மகள்தான். அவளை எப்படித் திருத்துவது?

(பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்)

பதில்: மகளைத் திருத்த என்னிடம் வழி இல்லை. இருந்தாலும் உங்களுக்குச் சொல்லித் தரமாட்டேன். இருபத்தாறு வயதுப் பெண் ஒரு வேட்பாளரைப் பற்றிக் கேள்வி கேட்பது நோய் கிடையாது, மருந்து எழுதிக் கொடுக்க. அப்பா ஒரு கட்சி, பிள்ளை ஒரு கட்சி என்று தேர்தலுக்குத் தேர்தல் எனக்குக் கடிதம் வருகிறது. அதெல்லாம் ஓட்டு எண்ணி முடித்த மறுவாரம் ஆறிவிடும்.

எனக்குத் தூக்கம் போனது அந்தப் பீரோவால்.

எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டீர்கள்! அரிசி மூட்டை அடுக்கிய கணக்கைச் சொல்வதுபோல, எல்லாருடைய ஓட்டு அட்டையும் உங்கள் பீரோவில். உங்கள் கடிதம் நாலு பக்கம். அச்சில் வந்திருப்பது அதில் கால்வாசிகூட இல்லை. வேட்பாளர் பெயர் ஒன்பது இடத்தில் இருந்தது, எடுத்துவிட்டேன். மகள் பெயர் இருந்தது, அதையும் எடுத்தேன். தோப்பில் பெங்களூரா எத்தனை மரம், அல்போன்சா எத்தனை மரம் என்றுகூட எழுதியிருந்தீர்கள். உங்கள் மனைவியின் பெயரை நான் எடுக்க வேண்டிய வேலையே இல்லை. நாலு பக்கத்திலும் அது கிடையாது.

இது எனக்குப் பழைய கதை ஒன்றை நினைவுபடுத்துகிறது. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு, 1951-52-இல், வாக்காளர் பட்டியல் தயாரித்தார்கள். வட மாநிலங்களில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. 'இன்னார் மனைவி', 'இன்னார் மகள்' என்றே எழுதச் சொன்னார்கள். சுகுமார் சென் அப்போது தலைமைத் தேர்தல் ஆணையர். பெயர் இல்லாமல் பதிய முடியாது என்று நின்றுவிட்டார். ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து போனார்கள். நம் பக்கத்துக்கு அந்த அவமானம் பெரிதாக வரவில்லை. 1921-லேயே பெண்களுக்கு ஓட்டு கொடுத்த சென்னை மாகாணம் இது, நாட்டிலேயே முதல் மாகாணம். சொத்து உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்றாலும் கொடுத்தார்கள். அதற்கு நூறு வருஷத்துக்குப் பிறகு, காவேரிப்பட்டணத்தில், பட்டியலில் பெயர் இருக்கிறது, வீட்டுக்காரர் கடிதத்தில் இல்லை.

அப்புறம், "அப்படியே போட்டுவிட்டு வந்துவிடுவாள்" என்கிறீர்களே, அது உங்களுக்கு எப்படித் தெரியும்? பொத்தானை அழுத்தினால் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் ஒரு சீட்டு ஏழு விநாடி தெரியும், பிறகு உள்ளே விழுந்துவிடும். அந்த ஏழு விநாடியும் உங்கள் மனைவியுடையது. யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று ஒருவரைச் சொல்லவைக்க நீதிமன்றத்தாலும் முடியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு அது. ஒருவர் ஓட்டில் வேண்டுமென்றே குறுக்கிடுவது குற்றம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. போலீசைக் காட்டி உங்களைப் பயமுறுத்தும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். "வீட்டுக்காரர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு, உள்ளே போய் வேறு சின்னத்தில் அழுத்திவிட்டேன், பாவமா அம்மா?" என்று கேட்டு ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் எனக்குக் கடிதம் வரும். பாவமில்லை என்றே எழுதிவருகிறேன். உங்கள் வீட்டிலிருந்து அப்படி ஒன்று வந்ததா என்று கேட்காதீர்கள். வந்திருந்தாலும் சொல்ல மாட்டேன்.

சரி, அந்த ஏடிஎம் கார்டுக்கு வருகிறேன். இதைச் சும்மா விடப்போவதில்லை.

உங்கள் வேட்பாளர் இலவசத்தை ஒழிக்க வேண்டும் என்கிறார். பேசலாம், தப்பில்லை. மாநிலத்தின் கடன், எது நலத்திட்டம் எது ஓட்டுக்கான தூண்டில் என்பதெல்லாம் உச்ச நீதிமன்றம்வரை போன விவாதம். நூறு நாள் வேலையால் மாங்காய் பறிக்க ஆள் கிடைக்கவில்லை என்று நீங்கள் குமுறியதையும் படித்தேன். அது உண்மையான கஷ்டம்தான். அந்த 2005-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் வேறு சட்டமே கொண்டுவந்துவிட்டார்கள். நாள் 125, விதைப்பு அறுவடைக் காலத்தில் 60 நாள்வரை வேலையை நிறுத்திவைக்கலாம், செலவில் 40 சதவீதம் மாநிலத்தின் தலையில். இது விவசாயிக்கு நல்லதா, கூலிக்காரருக்குக் கெட்டதா என்று உங்கள் மகளோடு உட்கார்ந்து பேசியிருந்தால் உங்கள் இருவரையும் நான் மெச்சியிருப்பேன்.

ஆனால் இலவசம் கூடாது என்று மைக்கில் பேசுகிறவரின் பின்னால் நிற்கும் நீங்கள், மனைவிக்கு வருகிற ஆயிரம் ரூபாயின் கார்டை உங்கள் பீரோவில் வைத்திருக்கிறீர்கள். 2023 செப்டம்பர் 15-இல் அந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது வைத்த பெயர் மகளிர் உரிமைத் தொகை. பணம் போவது குடும்பத் தலைவிக்கு. அதாவது அரசாங்க ஏட்டின்படி உங்கள் வீட்டுக்கு ஒரு தலைவி இருக்கிறார், கார்டு மட்டும் தலைவர் கையில். அந்தப் பணம் தப்பு என்று உண்மையாகவே நினைத்தால், அது வேண்டாம் என்று எழுதிக்கொடுக்க அவரிடம் கேட்டுப்பாருங்கள். சரி என்று நினைத்தால் கார்டை அவரிடம் கொடுங்கள். மேடையில் வேண்டாம், பீரோவில் வேண்டும் என்ற மூன்றாவது வழி ஆம்பளைக்கு அழகில்லை.

நான் பழைய காலத்து மனுஷி. கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவள். கணவன் பேச்சைக் கேட்காதே என்று இந்தப் பக்கத்தில் நான் எழுதியதே இல்லை, அதற்காக வசவும் வாங்கியிருக்கிறேன். குடும்பத்துக்கு ஒரு தலை வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. தலை என்றால் மற்றவர்களுக்காக முதலில் வெயிலில் நிற்கிறவன். அட்டையைப் பூட்டி வைக்கிறவனுக்கு எங்கள் ஊரில் வேறு பெயர்.

உங்கள் வேட்பாளரின் கொள்கைகளையும் அந்தப் பீரோவுக்கு முன்னால் நின்றே பார்க்கிறேன். பெண்ணின் திருமண வயது 21. எனக்கும் சம்மதம். 1929-இல் சாரதா சட்டம் 14 என்றது, 1978-இல் 18 ஆனது, 21 ஆக்க 2021 டிசம்பரில் வந்த மசோதா நிலைக்குழுவுக்குப் போய், 2024-இல் மக்களவையோடு காலாவதியானது. பழையபடி கொண்டுவரட்டும், வரவேற்கிறேன். ஆனால் உங்கள் மனைவி பதினேழில் வந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வயதை வைத்துக் கணக்குப் போட்டால், பதினெட்டு என்ற சட்டம் அப்போதே இருந்திருக்கும். அந்தப் பதினேழுக்கும் "அவளுக்கு இதெல்லாம் தெரியாது" என்பதற்கும் உறவு இருப்பதாக உங்களுக்குத் தோன்றவே இல்லையா? கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் இன்றைக்கும் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு யாராவது போன் போட்டால்தான் பத்தாம் வகுப்புப் பெண்ணின் கல்யாணம் நிற்கிறது. வேட்பாளரை அழைத்துக்கொண்டு அந்த வீடுகளுக்குப் போங்கள், நானும் வருகிறேன்.

பெற்றோர் கையெழுத்து விஷயத்தில் மட்டும் நான் உங்களோடு இல்லை. என் பிள்ளை என்னைக் கேட்காமல் தாலி கட்டினால் நான் அழுவேன், ஒளிக்கவில்லை. ஆனால் வயது வந்த இருவர் சேர்ந்து வாழக் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதோடு, நாம் இருக்கும் இடம் எது? 2012 நவம்பரில் ஒரு காதல் கல்யாணத்தைச் சாக்காக வைத்து நத்தம் காலனியில் வீடுகளைக் கொளுத்தினார்களே, அந்த தருமபுரிக்குப் பக்கத்து மாவட்டத்தில் உட்கார்ந்து இந்தப் பேச்சுக்குக் கைதட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா?

கல்யாணம், சொத்து போன்றவற்றில் எல்லா மதத்தினருக்கும் ஒரே சட்டம் என்கிற பொது சிவில் சட்டம், அரசியல் சாசனத்தின் 44-ஆவது பிரிவில் நெறியாக இருக்கிறது. உத்தராகண்டில் 2025 ஜனவரி 27 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் எனக்கு நண்பர்கள். உங்களிடம் கேட்பது சின்னக் கேள்வி. பூர்வீகச் சொத்தில் கல்யாணமாகாத பெண்ணுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-இலேயே சட்டம் போட்டது. 2005-இல் நாடு முழுக்க இந்துக் குடும்பங்களின் எல்லா மகள்களுக்கும் வந்தது. உங்களுக்குத் தங்கை இருந்தால், பங்கு வேண்டாம் என்று அவர் போட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரமும் அதே பீரோவில்தான் இருக்கிறதா? இல்லையென்றால் என்னை மன்னித்துவிடுங்கள். இருந்தால், ஊரார் சட்டத்தைப் பொதுவாக்கக் கிளம்புவதற்கு முன் அதை ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.

ஒரே நாடு ஒரே தேர்தலில் எனக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் இல்லை. 1967வரை மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் பெரும்பாலும் அப்படிச் சேர்த்துத்தான் நடந்தது.

தொகுதி மறுவரையறை, அதாவது மக்கள்தொகையை வைத்து மக்களவை இடங்களைத் திரும்பப் பிரிப்பது பற்றி மகள் கேட்டது நியாயமான கேள்வி. 1967-இல் தொகுதியைத் திருத்தியபோது தமிழ்நாட்டு இடங்கள் 41-லிருந்து 39-க்கு இறங்கின. 1976-இல் இடங்களின் எண்ணிக்கையை மாற்றாமல் நிறுத்திவைத்தார்கள். 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புவரை என்று 2001-இல் நீட்டினார்கள். அளவாகப் பிள்ளை பெற்ற மாநிலத்துக்குக் குரல் குறையலாமா என்பதுதான் அவள் கேட்பது. குடும்பத்தைப் பற்றி நாள் முழுக்கப் பேசும் வேட்பாளருக்கு இதில் ஒரு கருத்து இருந்தாக வேண்டும். அவருக்காக வெயிலில் அலைகிற நீங்கள் கேட்டு வாங்கி வந்து மகளிடம் சொல்லியிருக்கலாம். கேட்கவில்லை என்பதால்தான் சண்டை போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

மகளுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பக்கம் உன் கைக்கு வரும் என்று தெரியும். அப்பாவோடு அரசியல் சண்டை என்றால் அம்மா என்னடி செய்தாள்? ஓசூரிலிருந்து காவேரிப்பட்டணம் எத்தனை தூரம்! ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கல்லுக்கு ஊரே போகும்போது, உன் அம்மா புதுச் சரடு கட்டிக்கொள்ளத் தனியாகப் போயிருப்பாள், அல்லது போகாமலே இருந்திருப்பாள். நாட்டு உரிமையைப் பேசுகிற நீ, அம்மாவின் கார்டு எங்கே இருக்கிறது என்று ஒருநாளாவது கேட்டாயா? இந்த வாரக் கடைசியில் பஸ் ஏறு.

ஐயா, இப்போது உங்களுக்கு வேலை. திங்கட்கிழமை பீரோவைத் திறந்து அவருடைய ஓட்டு அட்டை, ஆதார், ஏடிஎம் கார்டு மூன்றையும் அவர் கையில் கொடுங்கள். வங்கிக்குக் கூட்டிப்போய் ரகசிய எண்ணை மாற்றச் சொல்லுங்கள். அவர் அழுத்தும்போது நீங்கள் வெளியே பெஞ்சில் உட்காருங்கள். அட்டை எங்கோ தொலைந்துவிட்டது என்று என்னிடம் சாக்குச் சொல்லாதீர்கள், போட்டோ ஒட்டிய வங்கி பாஸ்புக்கைக் காட்டியும் ஓட்டுப் போடலாம். அடுத்த கூட்டத்துக்கு அவரையும் அழைத்துப்போய் முன்வரிசையில் உட்காரவையுங்கள். வீட்டுக்கு வந்ததும், அந்த ஆள் பேசியதில் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். கஷ்டமாக இருக்கும், தெரியும்.

இனி இந்த விஷயமாக நீங்கள் எழுத வேண்டாம். என்ன சொன்னார் என்று அவரையே எழுதச் சொல்லுங்கள். எழுத வராது என்றால் மகளைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்ல எழுதட்டும். கையெழுத்துக்கு மேலே பெயர் இருக்கட்டும்.