அலுவலக வேலைக்கு மடிக்கணினி: எந்தச் செயலி போதும்?

கடிதம் எழுதுவது, கணக்குப் பார்ப்பது, மின்னஞ்சல், இணையம் ஆகிய அன்றாட வேலைகளுக்கு மடிக்கணினி வாங்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். செயலி என்று நான் சொல்வது கணினியின் மூளையான பிராசசரை.

கேள்வி (பள்ளி ஆசிரியை, மதுரை): வினாத்தாள் தயாரிக்கவும் மதிப்பெண் பட்டியல் போடவும் ஒரு மடிக்கணினி வேண்டும். புதிய ஐ3-1215யு ஒன்றும், அதைவிடக் குறைந்த விலையில் பழைய ஐ7-7500யு ஒன்றும் பார்த்தேன். ஐ7 தான் வேகம் என்று கடைக்காரர் உறுதியாகச் சொல்கிறார். அதையே வாங்கலாமா ஐயா?

பதில்: வேண்டாம் அம்மா. இன்டெல் நிறுவனச் செயலிகளின் ஐ3, ஐ5, ஐ7 என்ற வரிசை ஒரே தலைமுறைக்குள் ஒப்பிடுவதற்கு மட்டுமே உதவும். சிறு கோட்டுக்குப் பின் வரும் எண்ணைப் பாருங்கள்: 7500 என்பது ஏழாம் தலைமுறை, 1215 என்பது பன்னிரண்டாம் தலைமுறை. 2016இல் வந்த அந்த ஐ7இல் இருப்பவை 2 கோர்கள், அதாவது செயலிக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள். 2022இல் வந்த ஐ3-1215யுவில் 6 கோர்கள் உள்ளன. இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாப்ட் ஏற்றுக்கொண்ட இன்டெல் செயலிகள், மிகச் சில விலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. மாணவர்களின் விவரங்களை வைத்திருக்கப்போகும் கணினி என்பதால், பாதுகாப்புத் திருத்தங்கள் முறையாகக் கிடைக்கும் ஐ3ஐயே வாங்குங்கள்.

கேள்வி (கணக்கர், திருநெல்வேலி): என்னிடம் இருப்பது ஐ5-1235யு. டேலி, எக்செல், உலாவியில் பதினைந்து இருபது பக்கங்கள் ஆகியவற்றை ஒன்றாகத் திறந்தால் கணினி திணறுகிறது. ஐ7க்கு மாறினால் சரியாகுமா?

பதில்: மாறுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கணினி திணறும் அந்த நேரத்திலேயே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் செயலி, நினைவகம் (ராம்), வட்டு (கோப்புகளைச் சேமிக்கும் இடம்) ஆகிய மூன்றும் எத்தனை விழுக்காடு பயன்பாட்டில் உள்ளன என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தணிக்கையாளர் அலுவலகத்திலும் இதே குறைதான். திறந்து பார்த்தபோது செயலி 20 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை, 8 ஜிபி ராம் மட்டும் 90 விழுக்காட்டைத் தாண்டி நின்றது. ராம் நிறைந்துவிட்டால் விண்டோஸ் மிச்சத்தை வட்டில் எழுதி எழுதி எடுக்கத் தொடங்கும். வட்டு எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் ராமுக்கு ஈடாகாது என்பதால், ஒவ்வொரு சொடுக்குக்கும் காத்திருக்க வேண்டியதாகிவிடும். அங்கே 8 ஜிபியை 16 ஜிபி ஆக்கினோம். செயலியை மாற்றும் பேச்சே பிறகு எழவில்லை.

உங்கள் ஐ5இல் 10 கோர்கள் இருக்கின்றன, இந்த வேலைக்கு அது தாராளம். ராமைக் கழற்றி மாற்ற முடியுமா, தாய்ப்பலகையிலேயே (மதர்போர்டு) பற்றவைத்துவிட்டார்களா என்பதை மட்டும் முதலில் விசாரியுங்கள். புதிதாக வாங்குவோரும் பணம் கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்க வேண்டும். பின்னால் திருத்திக்கொள்ள முடியாத தவறு அது.

கேள்வி (சிறு அச்சகம் நடத்துபவர், ஈரோடு): ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு. பத்து எண்தானே வித்தியாசம், விலை குறைந்ததை எடுக்கலாமா?

பதில்: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ரைசன் செயலிகளைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனத்தின் இந்த 7000 வரிசையில் முதல் எண் அது எந்த ஆண்டுக்கான மாதிரி என்பதைக் குறிக்கும். உள்ளிருக்கும் வடிவமைப்பு எந்தக் காலத்தது என்பதைச் சொல்வது மூன்றாவது எண். 7520யுவில் அந்த எண் 2, அதாவது 2019இல் அறிமுகமான ‘ஜென் 2’ வடிவமைப்பு, 4 கோர்கள். 7530யுவில் 3, அதாவது ஜென் 3, 6 கோர்கள். மேலும் 7520யு ஏற்கும் நினைவக வகை பலகையில் பற்றவைத்தே வருவதால், 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். இரண்டுக்கும் ‘ரைசன் 5’ என்ற ஒரே ஒட்டியை ஒட்டி விற்பது வாங்குபவருக்கு நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. விலை வித்தியாசம் தாங்கக்கூடியதாக இருந்தால் 7530யுவை எடுங்கள்.

கேள்வி (ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், கும்பகோணம்): மின்கட்டணம் செலுத்த, செய்தி படிக்க, பேரப்பிள்ளைகளுடன் காணொளியில் பேச மட்டும்தான். என்100 போதுமா?

பதில்: போதும் ஐயா. 2023இல் வந்த இன்டெலின் என்100 செயலியில் 4 கோர்கள், நான்குமே மின்சாரம் குறைவாக எடுக்கும் சிறிய வகை. பெரிய எக்செல் கோப்புகளுக்கு அதைச் சொல்ல மாட்டேன். நீங்கள் குறிப்பிட்ட வேலைகளைக் குறையின்றிச் செய்யும். 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பு வட்டும் இருக்கட்டும். 4 ஜிபி ராமும் இஎம்எம்சி என்ற வேகம் குறைந்த சேமிப்பும் சேர்ந்து வரும் மலிவான மாதிரிகளையும், செலரான் என்4020 போன்ற 2 கோர் செயலிகளையும், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி (கல்லூரி அலுவலகப் பணியாளர், சேலம்): எண்ணின் முடிவில் யு, எச் என்று வருகிறதே, எது நல்லது?

பதில்: உங்கள் வேலைக்கு யு. எச் வகை விளையாட்டுக்கும் காணொளித் தொகுப்புக்கும் ஆனது. சூடும் விசிறிச் சத்தமும் கூடும், மின்கலமும் விரைவில் இறங்கும்.

கேள்வி (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், விழுப்புரம்): 2014இல் பள்ளியில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி இன்னும் ஓடுகிறது. புதியது வாங்கப் பணமில்லை அண்ணா. இதை வைத்துச் சமாளிக்க முடியுமா?

பதில்: முடியும் தம்பி. அந்தக் காலச் செயலி விண்டோஸ் 11க்கான பட்டியலில் இல்லை, அதற்காக முயல வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பழைய கணினிகளுக்கு ஏற்றது, இலவசமும்கூட. கடிதம், கணக்கு வேலைகளுக்கான லிப்ரே ஆபீஸ் அதனுடனே வருகிறது, தமிழிலும் தட்டச்சு செய்யலாம். அதை ஒரு பென் டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமலே இயக்கிப் பாருங்கள். வைஃபையும் ஒலியும் ஒழுங்காக வேலை செய்தால், உங்கள் குறிப்புகளை வேறொரு இடத்தில் படியெடுத்து வைத்துவிட்டு, அதன் பிறகு நிறுவுங்கள்.