நாலு இரவு, நாலு வயதுப் பிள்ளை, முழங்கால் வலியுள்ள மாமி: மலையகப் பயணத்தை எப்படிப் போடுவது?

கேள்வி: ஓகஸ்ட் விடுமுறையில் நாலு இரவு மலையகம் போக இருக்கிறோம். வெள்ளவத்தையிலிருந்து வேன் பிடித்துப் போகிறோம். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு நாலு. மகளுக்கு வளைவுப் பாதையில் சத்தி வரும். மாமிக்கு 68, முழங்கால் வலி, அதிகம் படி ஏறமாட்டார். சீகிரியா, கண்டி, நுவரெலியா, ஹோர்டன் சமவெளி, எல்ல எல்லாவற்றையும் பார்த்துவிடலாமா?

பதில்: பார்க்கலாம், வேன் கண்ணாடிக்குள்ளால். இறங்கி நின்று பார்க்க வேண்டுமென்றால் சீகிரியாவையும் எல்லவையும் இந்த முறை பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். கண்டியில் இரண்டு இரவு, நுவரெலியாவில் இரண்டு இரவு. மூன்றாவதாக ஒரு ஊரைச் சேர்த்தால் பெட்டி கட்டுவதிலும் அவிழ்ப்பதிலுமே ஒரு நாள் போய்விடும்.

மலையகத்தில் கிலோமீற்றரை வைத்துக் கணக்குப் போடக்கூடாது, மணித்தியாலத்தை வைத்துத்தான் போட வேண்டும். கண்டியிலிருந்து நுவரெலியா 77 கிலோமீற்றர் என்றதும் கொழும்பில் இருப்பவர் ஒன்றரை மணித்தியாலம் என்று நினைப்பார். நிற்காமல் ஓடினாலே இரண்டரை முதல் மூன்று மணித்தியாலம் எடுக்கும். கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர். அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி புஸ்ஸல்லாவை தாண்டிய பிறகு கொண்டையூசி வளைவுகளாக வரும். கண்டியிலிருந்து சீகிரியா போய்த் திரும்ப ஐந்து மணித்தியாலத்துக்கு மேல். நுவரெலியாவிலிருந்து எல்ல போகவே இரண்டு மணித்தியாலம், வர இன்னும் இரண்டு. நாலு வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம் வேனுக்குள் இருந்தாலே பெரிய விஷயம்.

அடுத்தது ஓகஸ்ட் என்பதால் வரும் இரண்டு சிக்கல். ஒன்று, கண்டி எசல பெரஹர. யூலை, ஓகஸ்டில் வரும். நிக்கினி போயாவோடு முடியும். அந்தப் பத்து நாளும் கண்டி நகரத்துக்குள் அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை எகிறியிருக்கும், பின்னேரம் வீதிகளை மூடிவிடுவார்கள். கலண்டரில் நிக்கினி போயா எப்போது என்று பார்த்து, அதற்கு முந்திய பத்து நாளைத் தவிர்த்துத் திகதி போடுங்கள். தவிர்க்க முடியாவிட்டால் நகரத்துக்கு வெளியே பேராதனைப் பக்கம் தங்குங்கள்.

இரண்டாவது மழை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று நுவரெலியாவின் மேற்குச் சரிவுகளில் மோதும். தூறலும் பனிமூட்டமும் காற்றும் இருக்கும். நாள் முழுக்க அடைமழை என்று பயப்படத் தேவையில்லை. வானம் தெளிவாக வேண்டுமென்றால் ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்குப் போவதைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கிரெகரி வாவியைச் சுற்றி நிற்கும் வாகன வரிசையே சொல்லிவிடும்.

முதல் நாள்: யானைக்கு நேரம் பார்த்துப் புறப்படுங்கள்

பின்னவல யானைகள் சரணாலயம் 1975இல் தொடங்கியது. பிள்ளைகளுக்கு அங்கே பார்க்க வேண்டியது மகா ஓயாவில் யானைகள் குளிப்பதைத்தான். காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் கூட்டமாக வீதியைக் கடந்து ஆற்றுக்கு வரும். 11 மணிக்குப் போய் இறங்கினால் கொட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு இரண்டு மணி வரை வெயிலில் காத்திருக்க வேண்டும். அதற்குள் பிள்ளைகள் சிணுங்கத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே வெள்ளவத்தையில் காலை ஐந்தரைக்கே வண்டி உருள வேண்டும். கண்டி வீதியில் கேகாலைக்குக் கிட்ட ரம்புக்கனைப் பக்கம் திரும்பினால் பின்னவல. ஒன்பதரைக்குப் போனால் ஆற்றோரத்தில் மாமிக்குக் கதிரை பிடிக்க நேரம் இருக்கும்.

பகல் சாப்பாடு முடித்துக் கண்டிக்கு ஏறும் வழியில் கடுகண்ணாவையில் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய நீராவி எஞ்சின்களும் பெட்டிகளும் நிற்கின்றன. ஒன்பது வயதுப் பையனுக்கு முக்கால் மணித்தியாலம் போகும். அன்றைக்கு அதோடு போதும். கண்டிக்கு வந்ததும் ஹோட்டலுக்குப் போய்ப் படுங்கள்.

இரண்டாம் நாள்: பேராதனை

இந்தப் பயணத்தில் மூன்று தலைமுறைக்கும் ஒரேயளவு பிடிக்கக்கூடிய இடம் பேராதனைப் பூங்காதான். 147 ஏக்கர், மகாவலி வளைத்து ஓடும் சமதரை, கல் பதித்த அகலமான பாதை. படி ஏறும் தொல்லை இல்லாதபடியால் மாமிக்குச் சக்கர நாற்காலி இருந்தாலும் தள்ளிக்கொண்டு போகலாம். காலை எட்டு மணிக்கு உள்ளே போய்ப் பதினொன்றரைக்கு வெளியே வாருங்கள். முழுப் பூங்காவையும் சுற்ற முயலாதீர்கள். அங்கேதான் பலர் களைத்துப்போகிறார்கள். வாசலால் நுழைந்து ஓர்கிட் வீடு, பிறகு பெரிய புல்வெளியில் குடையாக விரிந்து நிற்கும் யாவா அத்தி மரம், அதற்குப் பிறகு ஆற்றோரத்து இராட்சத மூங்கில், இந்த வரிசை போதும். அத்தி மரத்தடியில் பாயை விரித்து மாமியையும் சின்னவளையும் இருத்திவிட்டு, பெரியவனைத் தொங்கு பாலத்துக்குக் கூட்டிப் போகலாம்.

பிள்ளைகளுக்குக் காட்ட இன்னும் இரண்டு: அடிமரத்திலேயே பீரங்கிக் குண்டு போலக் காய் தொங்கும் நாகலிங்க மரம். பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவரும் அவர் மனைவி மேரியும் 1901இல் நட்டது. மற்றது, உலகிலேயே பெரிய விதையைத் தரும் இரட்டைத் தென்னை. உயர்ந்த மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் பகலிலும் நூற்றுக்கணக்கில் தொங்கிக்கொண்டு கத்தும். அவற்றின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்க ஆசைப்பட்டால் குடையை விரித்துக்கொண்டு பாருங்கள், மழைக்காக அல்ல.

பகலில் பிள்ளைகள் தூங்கட்டும். தலதா மாளிகைக்குப் போக விரும்பினால் மறுநாள் காலை ஒன்பதரைப் பூசை, பின்னேரம் ஆறரைப் பூசையை விட நெரிசல் குறைவு. தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு கட்டாயம்; செருப்பை வெளியில் விட வேண்டும். உடவத்தகலைக் காட்டுக்கு மழை பெய்த அடுத்த நாள் போகாதீர்கள், அட்டை ஏறும். ஏறினால் இழுத்துப் பிய்க்க வேண்டாம். உப்புத் தூள் தூவினால் தானாக விழுந்துவிடும்.

மூன்றாம் நாள்: ஏற்றமும் சத்தியும்

மகளின் பிரச்சினை இங்கேதான் தலைகாட்டும். கண் வேனுக்குள் இருக்கும் அசையாத பொருளைப் பார்க்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வளைவை உணர்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது வயிறு புரளும். ஃபோனில் கார்ட்டூன் போட்டுக் கொடுத்தால் சத்தி விரைவாக வருவதற்குக் காரணம் இதுதான். பின் வரிசை கூடவே கூடாது. நடு வரிசையில், முன் கண்ணாடியால் வீதி தெரியும்படி, அவளுக்குரிய சிறுவர் இருக்கையில் உயர்த்தி இருத்துங்கள். புறப்பட ஒன்றரை மணித்தியாலத்துக்கு முன் இடியப்பமோ பாணோ கொஞ்சம் கொடுங்கள். வெறும் வயிறும் ஆகாது, பால்மா கரைத்த கோப்பையும் ஆகாது. மருந்து கொடுப்பதென்றால் கொழும்பிலேயே வைத்தியரிடம் அளவு கேட்டு வாங்குங்கள். பெரியவர்களின் குளிசையைப் பாதியாக முறித்துக் கொடுக்காதீர்கள். அந்த மருந்து வண்டி புறப்பட அரை மணித்தியாலத்துக்கு முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். சத்தி தொடங்கிய பிறகு கொடுத்தால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

வழியை மூன்று துண்டாக வெட்டுங்கள். முதல் தரிப்பு கம்பளை தாண்டி. இரண்டாவது ரம்பொடை ஆஞ்சநேயர் கோயில்; அங்கிருந்து கொத்மலை நீர்த்தேக்கம் விரிந்து தெரியும், மாமிக்கும் பிடிக்கும். மூன்றாவது லபுக்கலைத் தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்தை வாட்டுவது, உருட்டுவது, புளிக்க வைப்பது, உலர்த்துவது, சல்லடையில் தரம் பிரிப்பது என்று வரிசையாகக் காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து பறிப்பு இல்லாத தோட்டங்களில் இயந்திரமும் ஓடாது. கிழமை நாளில் இந்தப் பாதையால் போகும்படி திகதியைப் போட்டால் நல்லது. பிற்பகல் மூன்று மணிக்குள் நுவரெலியா சேர்ந்துவிடுங்கள். நாலுக்குப் பிறகு மூட்டம் இறங்கினால் முன்னால் போகும் லொறியின் சிவப்பு லைட் மட்டும்தான் தெரியும்.

நாலாம் நாள்: குடும்பத்தை இரண்டாகப் பிரியுங்கள்

ஹோர்டன் சமவெளியின் நடைபாதைச் சுற்று ஏறத்தாழ 9.5 கிலோமீற்றர். மூன்று முதல் நாலு மணித்தியாலம் எடுக்கும்; கல்லும் வேரும் சேறும் உண்டு. மாமிக்கும் சின்னவளுக்கும் அது சரிவராது, பாதி வழியில் தூக்கிக்கொண்டு நடக்கவும் முடியாது. அப்பாவும் மகனும் மட்டும் போகட்டும். காலை ஐந்து மணிக்கு நுவரெலியாவை விட்டால் பட்டிப்பொல வாசலுக்கு வாயில் திறக்கும் வேளைக்குப் போகலாம். முதலில் சின்ன உலக முடிவு, அடுத்தது பெரிய உலக முடிவு, திரும்பும்போது பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுற்ற வேண்டும். ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் எழும்பிவிடும். நீர்வீழ்ச்சியை முதலில் பார்க்கப் போனவருக்கு உலக முடிவில் வெள்ளைத் திரைதான். அங்கே செங்குத்துச் சரிவு ஏறத்தாழ 870 மீற்றர். செல்ஃபி எடுக்கும்போதும் பிள்ளையின் கையை விடாதீர்கள்.

வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் உறை எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக்கூட உரிப்பார்கள். லஞ்ச் ஷீட்டில் சுற்றிய சோற்றுப் பார்சலைக் கொண்டுபோனால் வாசலிலேயே பிரித்து மாற்ற வேண்டியதுதான். சண்ட்விச்சையும் வாழைப்பழத்தையும் மூடியுள்ள டப்பாவில் போட்டுக்கொண்டு போங்கள். வாகனத் தரிப்பிடத்தில் மரைகள் கிட்ட வரும், மனிதருக்குப் பழகிப்போனவை. ஒன்றும் கொடுக்காதீர்கள்.

நீங்களும் மாமியும் மகளும் அந்த நேரத்தில் அறையில் நன்றாகத் தூங்கி எழும்பி, விக்டோரியா பூங்காவில் விளையாட விடலாம். வேன் திரும்பியதும் பதுளை வீதியால் சீத்தாஎலிய சீதை அம்மன் கோயில், அப்படியே ஹக்கலைப் பூங்கா. ஹக்கலை சரிவில் இருக்கிறது. மாமி வாசலுக்குக் கிட்டவுள்ள பூப்பாத்திகளோடு நின்றுகொள்வது நல்லது. குரங்குத் தொல்லை உண்டு, கையில் பிஸ்கட் பக்கெட் வேண்டாம். பின்னேரம் கிரெகரி வாவி. படகில் ஏறுமுன் விலையைப் பேசி, பிள்ளை அளவு உயிர்காப்பு அங்கி கேட்டு வாங்குங்கள். பெரியவர்களின் அங்கியைச் சின்னவளுக்குப் போட்டால் தண்ணீரில் அது தலைக்கு மேலால் கழன்றுவிடும்.

ரயில் ஆசை இருந்தால் எல்ல வரை இழுக்கத் தேவையில்லை. நானுஓயாவில் ஏறி அம்பேவெலவிலோ பட்டிப்பொலவிலோ இறங்கினால் பிள்ளைகளுக்குப் போதும். வேன் அங்கே வந்து நிற்கட்டும். பட்டிப்பொல நிலையம் 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம். ஆனால் 2025 நவம்பரில் டித்வா சூறாவளி மலையக ரயில் பாதையைப் பல இடங்களில் பிய்த்துப் போட்டது. எந்த நிலையம் வரை எந்த ரயில் ஓடுகிறது என்று கோட்டை நிலையத்தில் விசாரித்த பிறகே பிள்ளைகளிடம் வாக்குக் கொடுங்கள்.

திரும்பும் நாளும் வேனும்

காலை எட்டு மணிக்குத் தலவாக்கலை, ஹட்டன், கினிகத்தேனை, அவிசாவளை வழியாக இறங்குங்கள். டெவன், சென் கிளயர் நீர்வீழ்ச்சிகள் இரண்டையும் வீதியோரத்தில் நின்றே பார்க்கலாம், மாமி வேனை விட்டு அதிகம் நடக்க வேண்டியதில்லை. தரிப்புகளோடு ஆறு மணித்தியாலம் வையுங்கள்.

வேன் பேசும்போது நாலு கேள்வி: ஒரு நாளுக்கு எத்தனை கிலோமீற்றர், அதற்கு மேல் எவ்வளவு, சாரதியின் சாப்பாடும் தங்குமிடமும் யார் பொறுப்பு, அவர் மலையகம் ஓடிப் பழகியவரா. பழகியவர் இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினால் வேகத்தைப் பிடிப்பார். பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறவரின் வேனில் சக்கரப் பக்கம் கருகல் மணம் வரும். வந்தால் ஓரங்கட்டிக் கால் மணித்தியாலமாவது ஆறவிடச் சொல்லுங்கள், சூடேறிய பிரேக் பிடிக்காது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையைப் பிரதேச செயலாளர் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று வெளியிடும். உங்கள் பாதையில் முக்கியமாக வருவன உடபளாத்த, கொத்மலை, நுவரெலியா, அம்பகமுவ. இவற்றில் ஒன்று செம்மஞ்சளுக்குப் போனாலும் அன்றைக்கு மலை ஏறாமல் கண்டியிலேயே தங்குங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990.

சீகிரியாவுக்கு இன்னொரு வார இறுதியில் கொழும்பிலிருந்தே நேராகப் போங்கள். மீரிகமவில் அதிவேக வீதியில் ஏறிக் குருநாகல், தம்புள்ளை வழியாக நாலு மணித்தியாலம். ஓர் இரவு தங்கினால் போதும். ஓகஸ்டில் அந்தப் பக்கம் வறட்சி, ஆகவே மழை கெடுக்காது, வெயில்தான் கெடுக்கும். வாயில் திறந்ததும் ஏற வேண்டும். ஏறத்தாழ 1,200 படி, மகன் ஏறுவான். மாமியும் மகளும் கீழே நீர்ப் பூங்காவிலும் அருங்காட்சியகத்திலும் நிற்கலாம். பாறையில் குளவிக் கூடுகள் இருப்பதால் சத்தம் போடக்கூடாது என்பதை அவனுக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள். அடையாள அட்டையை மறக்காதீர்கள். லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ வந்த உறவினரையும் கூட்டிப்போனால் அவர்களின் டிக்கெட் டொலர் விலையில்தான். குடும்பத்துக்கு எவ்வளவு வருகிறதென்று முன்கூட்டியே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.