காணொளியில் காட்டக்கூடியதைத் தொட்டுப் பார்க்க விஞ்ஞான மையம் வரை போக வேண்டுமா?

பிள்ளைகள் கையால் இயக்கிப் பார்க்கும் விஞ்ஞான மையங்களில் அப்படி என்ன கிடைக்கிறது, அதையெல்லாம் காணொளியிலேயே காட்டிவிடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். பயணச் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கும் பெற்றோராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கிளிநொச்சி மாவட்டத்தில் விஞ்ஞானம் கற்பிப்பவன் என்ற முறையில் என் பதில் இது: ஒன்றை நம்ப மறுக்கவும், மறுத்ததைத் தன் கையாலேயே சோதிக்கவும் பிள்ளைக்கு அங்கே இடமுண்டு; காணொளியில் அதற்கு இடமில்லை.

இவ்வகை மையங்களுக்கு முன்னோடியாகக் கருதப்படும் எக்ஸ்புளோரட்டோரியத்தை 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய பிராங்க் ஒப்பன்ஹைமர், அரசியல் காரணங்களால் பல்கலைக்கழகப் பதவியை இழந்து, கொலராடோவில் மாடு வளர்த்து, பின்பு அங்கிருந்த சிற்றூர்ப் பாடசாலையொன்றில் கற்பித்தவர். பழைய பொருள்கள் கொட்டப்பட்ட இடத்துக்கு மாணவரைக் கூட்டிச் சென்று, அங்கே கிடந்த பாகங்களைக் கொண்டே பொறிமுறையையும் மின்னையும் விளங்கவைத்தார். கிராமத்து ஆசிரியனான எனக்கு இது பெருமை தரும் செய்தி. ஆனால் எங்கள் மண்ணில் பிள்ளைகளைப் பழைய இரும்பு பொறுக்க விடுவதற்கில்லை. போர் விட்டுச் சென்ற வெடிபொருள்கள் இன்னும் முற்றாக அகற்றப்படாத நிலம் இது. ஆகவே நான் சைக்கிள் கடைக்காரர் ஒருவரிடம் பழைய முன்சில்லு ஒன்றை வாங்கினேன்.

அச்சின் இரு முனைகளிலும் கைப்பிடி பொருத்தி, சுழலும் கதிரையில் ஒரு மாணவனை இருத்தி, சில்லை வேகமாகச் சுற்றி அவன் கையில் கொடுத்தேன். அவன் அதை ஒருபக்கம் சாய்த்தவுடன் கதிரை தானாகவே திரும்பத் தொடங்கியது. "சேர், அவன் காலாலை உந்துறான்" என்றாள் ஒரு மாணவி. அவளையே இருக்கச் சொன்னேன். காலைக் கதிரையின் மேல் மடித்து வைத்துக்கொண்டு சில்லைச் சாய்த்தாள், கதிரை திரும்பியது. மறுபக்கம் சாய்த்தாள், எதிர்த்திசையில் திரும்பியது. சில்லின் வேகம் குறையக் குறையத் திருப்பமும் தளர்ந்ததை அவளே கண்டு சொன்னாள். சில்லு பாரமாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டவள், மறுநாள் றிம்மைச் சுற்றிக் கட்டுவதற்குக் கம்பி கொண்டுவந்தாள். சுழலும் பொருளொன்றின் சுழற்சியை அளக்கும் கோண உந்தம் என்ற பெயரை அதன் பிறகுதான் கரும்பலகையில் எழுதினேன். விஞ்ஞான மையம் ஒன்று இத்தகைய கதிரைகளையும் சில்லுகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த வாய்ப்பைக் கொடுக்கிறது.

இது வெறும் விளையாட்டு, பரீட்சைக்கு உதவாது என்று சிலர் எழுதக்கூடும். காணொளியை நான் இகழவில்லை; கோள்களின் இயக்கத்தை அதைக் கொண்டே கற்பிக்கிறேன். ஆனால் நான் முன்பு கற்பித்த பாடசாலையில் உபகரணங்கள் உடைந்துவிடும் என்று அலுமாரியைப் பூட்டிவைத்து, செய்முறைகளைப் பலகையிலிருந்து பார்த்து எழுதவைத்தார்கள். அளவுகோலைத் தவிர எதையும் தொடாமலே பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் போனதை நினைக்க இன்றும் கோபம் வருகிறது. கொழும்பில், வானத்தின் காட்சியைக் குவிகூரையில் காட்டும் கோள்மண்டலம் 1965 முதல் இருக்கிறது. கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து அங்கே போனாலும், அண்ணாந்து பார்க்கலாமே தவிர எதையும் இயக்க முடியாது.

வன்னியிலேயே ஒரு மையம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதில் ஒரு பெரிய ஊசலைத் தொங்கவிட்டால், பூமி சுழல்வதால் அது ஆடும் தளம் (அலைவுத்தளம்) மெல்லத் திரும்பிக்கொண்டே இருப்பதைக் காணலாம். பிரெஞ்சு பௌதிகவியலாளர் பூக்கோ 1851இல் பாரிசில் தொங்கவிட்ட ஊசலின் அலைவுத்தளம் பாரிசில் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 32 மணித்தியாலம் எடுக்கும். மத்தியகோட்டை அண்டிய கிளிநொச்சியிலோ ஏறக்குறைய 6 நாள் எடுக்கும். பூமி சுழல்வதைத் தங்கள் ஊரின் கணக்கில் எங்கள் பிள்ளைகள் தாங்களே அளந்து பார்க்க வேண்டும்.

அதுவரை, வெளியூரில் உள்ள மையத்துக்குப் போகும் வாய்ப்பு வந்தால் தயங்காமல் பிள்ளையைக் கூட்டிச் செல்லுங்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்தாதீர்கள். ஒரே பொருளிடம் அரைமணி நேரம் நின்றால் நிற்க விடுங்கள். மற்றவற்றைப் பாராமல் திரும்பினாலும் நீங்கள் செலவழித்த பணம் வீணாகாது.