கேள்வி கேட்பது சந்தேகப்படுவது ஆகாது

"என் மகளுக்குப் பத்து மாதம். அடுத்த மாதம் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். தெரிந்தவர் மூலம் ஒரு அக்கா அறிமுகமானார். தன் வீட்டிலேயே நான்கு குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறார். வீடு சுத்தமாக இருக்கிறது, பொம்மைகள் நிறைய, அன்பாகவும் பேசுகிறார். இருந்தும் மனம் ஒப்பவில்லை. துருவித் துருவிக் கேட்டால் தப்பாக நினைத்துக்கொள்வாரோ என்று தயக்கமாக இருக்கிறது. எதைப் பார்த்து முடிவெடுப்பது?"
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்தத் தயக்கத்தை விடுங்கள். அன்று பகலில் என்ன நடந்தது என்று சாயங்காலம் உங்களிடம் சொல்ல உங்கள் மகளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. அவளுக்கும் சேர்த்து நீங்கள்தான் கேட்டாக வேண்டும். இந்த வேலையைப் பொறுப்பாகச் செய்கிறவர் கேள்விகளை எதிர்பார்ப்பார். எந்த உணவு ஒத்துக்கொள்ளாது, எப்படித் தூங்குவாள், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று அவரே உங்களைக் கேட்பார். எதுவுமே கேட்காமல் "விட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொல்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை வராது.

சுத்தமான வீட்டையும் பொம்மைகளையும் வைத்து முடிவெடுக்காதீர்கள். நீங்கள் வருவது தெரிந்து ஒழுங்குபடுத்திய வீடு அது. இன்னொரு முறை போய், ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்திருக்க அனுமதி கேளுங்கள். மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன், எல்லாக் குழந்தைகளும் பசியில் சிணுங்கும் நேரமாக இருந்தால் நல்லது. ஒன்று அழ, இன்னொன்றுக்கு டயபர் மாற்ற வேண்டியிருந்தால் அவர் என்ன செய்கிறார்? குரல் மாறுகிறதா? டயபர் மாற்றும்போது குழந்தையிடம் பேசுகிறாரா? மாற்றிய பின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறாரா? டிவி ஓடிக்கொண்டே இருக்கிறதா? ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. இதையெல்லாம்விட நான் பெரிதாக நினைப்பது, விழுந்து அடிபட்ட குழந்தை அவரிடம் ஓடிப் போகிறதா என்பதைத்தான். அந்த வீட்டைப் பற்றி அந்தப் பிள்ளைகளை விட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

உங்கள் மகளோடு ஐந்து பேர் ஆகிறார்கள். மற்ற நால்வருக்கும் என்ன வயது, அவருடைய சொந்தப் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் உண்டா, கூட உதவிக்கு ஆள் உண்டா என்று கேளுங்கள். இங்கிலாந்தில், வீட்டில் தனியாகக் குழந்தை பார்த்துக்கொள்பவரிடம் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை பொதுவாக ஒன்றுதான் இருக்கலாம். காரணம் எளியது: தீப்பிடித்தால் ஒரே ஆள் நடக்கத் தெரியாத எத்தனை பேரைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட முடியும்? உங்கள் ஊர் விதி என்ன, அவர் பதிவு செய்திருக்கிறாரா என்பதையும் விசாரியுங்கள்.

அப்புறம் தூக்கம். இதில் மட்டும் எந்தச் சமாதானமும் வேண்டாம். குழந்தை தூங்கும் இடத்தைக் கண்ணால் பாருங்கள். ஒரு வயதுவரை மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். உறுதியான, தட்டையான மெத்தையில், தலையணை, போர்வை, பொம்மை எதுவும் இல்லாமல். அவளாகவே புரண்டு படுத்தால் பரவாயில்லை. 1990-களில் பல நாடுகள் இதைப் பிரசாரமாகச் செய்த பிறகு, தூக்கத்தில் குழந்தைகள் திடீரென்று இறப்பது வெகுவாகக் குறைந்தது. "குப்புறப் போட்டா நல்லாத் தூங்கும், என் பிள்ளைங்களையும் அப்படித்தான் வளர்த்தேன்" என்று அந்த அக்கா சொன்னால், எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் வேறு இடம் பாருங்கள். வீட்டில் மல்லாக்கத் தூங்கிப் பழகிய குழந்தையைப் புது இடத்தில் குப்புறப் போடுவது இன்னும் ஆபத்து. தூங்கும் குழந்தையை எத்தனை நேரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறார் என்றும் கேளுங்கள்.

வீட்டைப் பார்க்கும்போது உங்கள் மகள் தவழும் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். இழுத்தால் சாயும் அலமாரி, தொங்கும் திரைக் கயிறு, கைக்கெட்டும் மருந்து, தண்ணீர் நிறைந்த வாளி. சில அங்குலத் தண்ணீரே குழந்தை மூழ்கப் போதும். ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகலாம். வாக்கர் இருக்கிறதா என்றும் பாருங்கள். கனடாவில் 2004 முதல் அதை விற்கவே தடை.

கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனால் தவிர்க்கக் கூடாத கேள்வி ஒன்று: பகலில் அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? கணவர், வளர்ந்த மகன், உறவினர், வாடகைக்கு இருப்பவர் என்று எல்லோரையும் தெரிந்துகொள்ளுங்கள். குளிப்பாட்டுவதும் டயபர் மாற்றுவதும் அவர் மட்டும்தானா? அவர் கடைக்குப் போனால் யார் பொறுப்பு? இதை யார்மீதும் பழி போடுவதாக எண்ண வேண்டாம். நேராகப் பதில் சொல்கிறவரிடம் மனம் தானாக லேசாகும். முன்னறிவிப்பு இல்லாமல் நீங்கள் எந்த நேரமும் வரலாமா என்று கேளுங்கள். "தூங்குற நேரத்துல வேண்டாம்" என்றால், கதவைத் தட்டாமல் மெதுவாக வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் மறுத்தால் அங்கே சேர்க்காதீர்கள்.

காய்ச்சல் வந்த குழந்தையை அனுமதிப்பாரா, உங்களைக் கேட்காமல் மருந்து கொடுப்பாரா, மூச்சடைத்தால் செய்யும் முதலுதவியை முறையாகப் பயின்றிருக்கிறாரா என்பதையும் விசாரியுங்கள். யார் வந்தால் குழந்தையை ஒப்படைக்கலாம் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். இப்போது அங்கே பிள்ளையை விடும் ஒரு பெற்றோரிடமும், நிறுத்திவிட்ட ஒருவரிடமும் பேச முடிந்தால் மிகவும் நல்லது.

சேர்த்த பிறகு முதல் சில நாள் அரை நாள் மட்டும் விடுங்கள். இந்த வயதில் விடும்போது அழுவது இயல்பு. நீங்கள் போன பிறகு எவ்வளவு நேரத்தில் அடங்குகிறாள் என்பதுதான் முக்கியம். முதல் மாதம் அழைத்துவரும் நேரத்தை மாற்றி மாற்றிப் போங்கள். உடம்பில் காரணம் தெரியாத காயம் இருந்தால் அன்றைக்கே கேளுங்கள். பதில் பொருந்தவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள், மறுநாள் அனுப்பாதீர்கள்.