குழாயடிக்கு யார் உபயம்?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளியில் என் மகன் படிக்கிறான். பெரிய பையன்கள் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், பையைப் பிடுங்கி எறிகிறார்கள், அடிக்கிறார்கள். பள்ளியில் கேட்டால், "இருப்பது நாலு வாத்தியார், கேமரா இல்லை, கவுன்சிலிங் கொடுக்க ஆள் இல்லை" என்கிறார்கள். காசில்லாத பள்ளிக்கூடம் என்னதான் செய்யும்? – ஒரு தாய்

பதில்: கேமரா இருந்தால் மட்டும்? அடித்ததை மறுநாள் போட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

எங்கே, எப்போது அடிக்கிறார்கள் என்று மகனிடம் கேளுங்கள். பாடம் நடக்கும்போது இருக்காது. குழாயடி, கழிப்பறையின் பின்பக்கம், சத்துணவு வரிசை, சாயங்காலம் பஸ் ஸ்டாப். அந்த நேரத்தில் நாலு வாத்தியாரும் ஆபீஸ் ரூமில் 'எமிஸ்' எனும் கல்வித் துறை இணையதளப் பதிவேற்றத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். பாவம்தான். ஆனாலும் முறைவைத்து ஒருவர் குழாயடியில் நிற்கக் காசு எதற்கு?

நார்வேயில் 1982 கடைசியில் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவர்களின் தொல்லைதான் காரணம் என்று பேச்சு எழுந்தது. மறு வருடம் ஓல்வேயஸ் என்ற உளவியலாளர் பெர்கன் நகரப் பள்ளிகளில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். இடைவேளையில் பெரியவர்கள் கண் வைப்பது, வகுப்பே உட்கார்ந்து பேசி விதி வகுப்பது, அடித்தவன் வீட்டாரோடும் அடிபட்டவன் வீட்டாரோடும் பேசுவது, இவைதான் அதில் முக்கியம். தொல்லை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று எழுதினார். நார்வே பணக்கார நாடுதான். ஆனால் வராந்தாவில் நிற்க எண்ணெய்க் கிணறு வேண்டாம். நம்மூரிலோ இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கைகொடுக்க வைத்து அனுப்புகிறோம். அடுத்த திருப்பத்திலேயே சின்னவனுக்கு இரட்டிப்பாகக் கிடைக்கும்.

பட்டப்பெயர் என்றீர்களே, உடம்பைச் சொல்லியா, தெருவைச் சொல்லியா? தெருவென்றால் அது சாதி, விளையாட்டென்று விடாதீர்கள். 2023-இல் நாங்குநேரியில் சாதிப் பகையில் ஒரு தலித் மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, 500 பேருக்கு மேல் படிக்கும் உயர்நிலைப் பள்ளிகளுக்கு நல அலுவலர் கேட்டது. உங்கள் பள்ளி அந்தக் கணக்கில் வராது.

ஆகவே பள்ளி மேலாண்மைக் குழுவைப் பிடியுங்கள். சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். இடைவேளைக் கண்காணிப்பைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். வாத்தியார் போதவில்லையென்றால், மதியம் இரண்டு மணி நேரம் நிற்க ஓர் ஆயாவுக்கு ஊர்ப் பெரியவர்களிடம் சம்பளம் கேளுங்கள். அழகப்பர் கல்லூரிகளே கட்டிக்கொடுத்த சீமை இது. மின்விசிறி றெக்கை வரை 'உபயம்' எழுதியிருக்கிறோம். ஆயா மேல் பெயர் எழுத முடியாது, அதுதான் சிக்கல்.

தலைமையாசிரியரிடம் புகாரை எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அப்புறமும் அசையவில்லையென்றால் கல்வித் துறையின் 14417-க்கு போன் போடுங்கள்.