கடைப் பையன் போட்டுத் தருவதுதான் கம்ப்யூட்டர்

அன்புள்ள ஐயா,

பர்மாவில் மோல்மேனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்போடு சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரும் சொல்லித் தருகிறேன். நன்கொடையாக வந்த ஆறு பழைய டெஸ்க்டாப்கள். திருட்டு விண்டோஸ் வேண்டாம் என்று ஆறிலும் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். நன்றாக ஓடுகிறது, பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். பெற்றோர்தான் விடமாட்டேன் என்கிறார்கள். "வேர்ட் இல்லாத கம்ப்யூட்டர் என்ன கம்ப்யூட்டர்? நாளைக்கு வேலைக்குப் போனால் விண்டோஸ்தானே கேட்பார்கள்?" என்கிறார்கள். போன மாதம் கோயில் செயலாளர் திருவிழா நோட்டீஸை எடுத்துக்கொண்டு வந்தார். ஃபைல் திறக்கவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டார். சாதாரண ஜனங்கள் என்றைக்காவது திறமூல மென்பொருள் பக்கம் வருவார்களா, இல்லை நான் வீண் வேலை பார்க்கிறேனா?

கே., மோல்மேன்

அன்புள்ள தம்பி,

ஆறு பழைய பெட்டிகளைத் தூசி தட்டி ஓட வைத்திருக்கிறீர்கள். வீண் வேலை என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கேள்விக்கு வருகிறேன். "மூலநிரல் திறந்திருக்கிறது, யாரும் பார்க்கலாம், மாற்றலாம்" என்று ஒவ்வொருவரிடமும் எடுத்துச் சொல்லி, மனம் மாற்றி, திறமூலம் டெஸ்க்டாப்பைப் பிடிக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கரு நிரலான கெர்னலை வெளியிட்டது 1991-இல். இணையப் பயன்பாட்டை அளக்கிற ஸ்டாட்கவுன்டர் கணக்கின்படி டெஸ்க்டாப்பில் லினக்ஸின் பங்கு 4 சதவீதத்தைத் தாண்டியது 2024 பிப்ரவரியில். பிரசாரத்துக்குக் குறைவே இல்லாத காலம் அது.

ஆனால் சாதாரண ஜனங்கள் விண்டோஸையும்தான் தேர்ந்தெடுக்கவில்லை. ரங்கூனில் பழைய லேப்டாப் வாங்க வருகிறவரைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். கடைப் பையன் கழுத்தில் ஒரு பென்டிரைவ் தொங்கும். அதைச் சொருகினால் விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப், பர்மியக் கீபோர்டு எல்லாம் வரிசையாக ஏறும். உரிமச் சாவி கேட்கிற இடத்தில் ஒரு குட்டி நிரலைத் தட்டுவான், கேட்பது நின்றுவிடும். வாங்குகிறவர் அதற்குள் பக்கத்தில் ஒரு டீ குடித்துவிட்டு வருவார். வந்து மூன்று கேள்வி கேட்பார்: பேஸ்புக் வருமா, படம் ஓடுமா, பிரிண்ட் எடுக்கலாமா? மூன்றுக்கும் "வரும்" என்றால் பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போவார். எந்த இயங்குதளம் என்று அவரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. முடிவு எடுத்தது பையன். நீங்கள் மனம் மாற்ற வேண்டிய ஆள் யார் என்று இப்போது தெரிகிறதா?

நம்மவர்கள் அடிக்கடி தூக்கிப் பிடிக்கிற ஒன்று விலை. "லினக்ஸ் இலவசம்" என்பார்கள். அமெரிக்காவில் அந்தப் பேச்சு எடுபடலாம். ஒரு கிண்ணம் மொஹிங்கா நூடுல்ஸ் சாப்பிடுகிற காசுக்கு எல்லாமே ஏற்றித் தருகிற ஊரில் யாரிடம் போய் இலவசம் என்று சொல்வது? திறமூலத்துக்கு இங்கே போட்டி அசல் விண்டோஸ் கிடையாது, திருட்டு விண்டோஸ்தான். பர்மாவில் 1914-இல் வெள்ளைக்காரர்கள் காலத்தில் வந்த பதிப்புரிமைச் சட்டம்தான் நெடுங்காலம் இருந்தது. புதுச் சட்டம் இயற்றியது 2019-இல். பொருளாதாரத் தடை இருந்த வருடங்களிலோ, நாணயமாக உரிமம் வாங்க நினைத்த ஓரிருவருக்கும் கார்டு போட்டு வாங்க வழி இல்லை. கம்பெனிகளுக்கு இதனால் நஷ்டம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். பில் கேட்ஸே 1998-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேசும்போது சீனாவைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னார்: எப்படியும் திருடத்தான் போகிறார்கள், நம்முடையதையே திருடட்டும், பழகிவிடுவார்கள், காசு வாங்குவது எப்படி என்று அடுத்த பத்தாண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பொருளில். வியாபாரி கணக்கு தப்பவில்லை. உங்கள் பிள்ளைகளின் பெற்றோர் இன்று "விண்டோஸ்தானே கேட்பார்கள்" என்பது அந்தப் பழக்கத்தால்தான்.

கடைப் பையனின் செல்வாக்கை நான் மிகைப்படுத்துவதாக உங்களுக்குத் தோன்றலாம். ஸோஜி என்ற பர்மிய எழுத்துருவின் கதையை நினைத்துப் பாருங்கள். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீட்டுத் தரம் யூனிகோடு. அதில் பர்மிய எழுத்துக்கு 1999-லேயே இடம் கொடுத்தாகிவிட்டது. 2008-இல் அதைச் செம்மைப்படுத்தினார்கள். ஆனால் அப்போதைய விண்டோஸில் பர்மிய எழுத்தைக் கோத்துக் காட்ட வழி இல்லை. அந்த இடைவெளியில் ஸோஜி எழுத்துரு நுழைந்தது. தரத்துக்கு அது சரிப்படாதது. மோன், ஷான், கரேன் எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்களில் பர்மிய எழுத்துத் துண்டுகளைத் திணித்துக்கொண்டது. மோன் மாநிலத்தில் இருக்கிற உங்களுக்கு இதன் வலி புரியும்: ஸோஜி போட்ட போனில் மோன் மொழி ஒழுங்காகத் தெரியாது. ஒரே சொல்லைப் பல விதமாகத் தட்டலாம் என்பதால் தேடினால் கிடைக்காது. இத்தனை குறை இருந்தும் நாடு முழுக்க அதுதான் நின்றது.

ஏன்? 2014-இல் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து, லட்சக் கணக்கான கியாட் விலை இருந்த சிம் கார்டு 1500 கியாட்டுக்கு இறங்கியது. ஜனங்கள் கம்ப்யூட்டரைத் தாண்டி நேராகப் போனுக்குப் போனார்கள். போனை வாங்கிய கையோடு கடையில் ஸோஜியைப் போட்டுக் கொடுத்தார்கள், அல்லது அதிலேயே இருந்தது. யூனிகோடு ஏன் நல்லது என்று அறிஞர்கள் எத்தனையோ பேசினார்கள், எழுதினார்கள். அப்புறம் 2019 அக்டோபர் 1 முதல் யூனிகோடுதான் என்று அரசாங்கம் நாள் குறித்தது. பேஸ்புக்கும் எழுத்தைத் தானாக மாற்றிக் காட்டத் தொடங்கியது. கடைகளும் மாறின, ஜனங்களும் மாறினார்கள். பெரும்பாலோருக்கு மாறியதே தெரியாது.

இந்த மாற்றத்துக்கு அடியில் இருந்தது எது என்று பார்த்தால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆண்ட்ராய்டு போனில் பர்மிய எழுத்தையும் தமிழ் எழுத்தையும் ஒன்றோடொன்று கோத்துத் திரையில் வரைவது ஹார்ஃப்பஸ் என்கிற திறமூல நிரல். குரோம், ஃபயர்பாக்ஸ், எம்எஸ் ஆபீஸுக்கு மாற்றான லிபர்ஆபீஸ் எல்லாவற்றுக்குள்ளும் அதுவே. ஆண்ட்ராய்டின் அடியில் லினக்ஸ் கெர்னல். உங்களிடம் லினக்ஸ் வேண்டாம் என்று சண்டை போட்ட அம்மா, வீட்டுக்குப் போய் லினக்ஸ் கெர்னல் மேல் உட்கார்ந்துதான் வைபரில் பேசிக்கொண்டிருப்பார். அவரிடம் இதைச் சொல்லாதீர்கள், இன்னும் கோபம் வரும்.

கடைப் பையனுக்கும் திறமூலம் புதிதில்லை. அவன் பென்டிரைவைத் திறந்து பாருங்கள். படம் பார்க்க விஎல்சி இருக்கும், ஃபைலைச் சுருக்க 7-ஜிப் இருக்கும். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நின்றதும் பழைய மெஷின்காரர்கள் எல்லாம் லினக்ஸுக்கு வந்துவிடுவார்கள் என்று பலர் எதிர்பார்த்தார்கள். விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் பழைய பெட்டிகளில் இல்லை அல்லவா? பையன் அசரவில்லை. ரூஃபஸ் என்ற கருவியில் ஒரு பெட்டியில் டிக் போட்டால் அந்தக் கட்டுப்பாட்டையே நீக்கிவிடலாம். அந்த ரூஃபஸும் திறமூலம்தான்!

இன்னொன்றும் அவனுக்குத் தெரியும். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் பென்டிரைவைப் போட்டு எடுத்தால் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிடுகிற வைரஸ் இருக்கிறதே, அது உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைக்கும். ஆசிரியை ஒருவர் பரீட்சைத்தாள் எல்லாம் போய்விட்டது என்று அழாத குறையாக வந்து நின்றார். பையன் லினக்ஸ் இருந்த இன்னொரு பென்டிரைவால் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கிளப்பி, அவருடையதைச் சொருகினான். விண்டோஸ் போட்ட மறைப்புக் குறியை லினக்ஸ் கண்டுகொள்வதில்லை. ஃபோல்டர் எல்லாம் அங்கேயே, பக்கத்தில் அந்தப் போலி ஷார்ட்கட்டுகளோடு வரிசையாக நின்றன. போலிகளை அழித்துவிட்டு, நல்லதை நகல் எடுத்துக் கொடுத்தான். இவ்வளவு தெரிந்தவன், அந்த லினக்ஸையே ஏன் வாடிக்கையாளருக்குப் போட்டுக் கொடுப்பதில்லை என்று கேட்டேன். சிரித்தான். "பிரிண்டர் ஓடவில்லை என்று நாளைக்கு வந்து என்னைத்தானே பிடிப்பார்கள்? விண்டோஸ் என்றால் எனக்குத் தெரியாததைப் பக்கத்துக் கடையில் கேட்பேன். இதற்கு யாரைக் கேட்பது?" என்றான். விண்டோஸ் கெட்டால்தான் அவனுக்கு வரும்படி என்பதை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. வெளிநாட்டில் பெரிய அளவில் மாறிய இடங்களிலும் இதுதான் நடந்தது. பிரான்ஸின் ஜான்தார்மெரி என்கிற காவல் படை 2005-இல் ஓபன்ஆபீஸ் என்ற திறமூல அலுவலக நிரலுக்கு மாறியது, அடுத்த வருடம் ஃபயர்பாக்ஸுக்கு. கையிலிருந்த வேலை நிரல்களை முதலில் மாற்றிப் பழக்கிவிட்டு, 2008 முதல்தான் அடியில் இருந்த விண்டோஸை எடுத்து உபுண்டு என்ற லினக்ஸை வைத்தார்கள். 2024-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள், மொத்தத்தில் 97 சதவீதம் வரை, லினக்ஸில் இருந்தன. அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற போலீஸ்காரர் யாரும் சுதந்திர மென்பொருள் தத்துவம் படித்தவர் இல்லை. பின்னால் பொறுப்பெடுத்துக்கொள்ள ஆள் இருந்தார்கள், மேலிடம் முடிவை மாற்றவில்லை. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி லினக்ஸுக்கு மாற 2003-இல் முடிவெடுத்து, 2013 வாக்கில் சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை மாற்றி முடித்தது. நகராட்சித் தலைமை மாறியதும் 2017-இல் திரும்ப விண்டோஸுக்கே போவதென்று தீர்மானம் போட்டார்கள். மென்பொருள் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சரி, செயலாளர் ஐயா விஷயம். அவர் கோபித்துக்கொண்டதில் நியாயம் இருக்கிறது. என் ஊகம், அந்த நோட்டீஸ் பேஜ்மேக்கர் என்ற பக்க அமைப்பு நிரலில் பழைய தமிழ் ஃபாண்ட் போட்டுச் செய்ததாக இருக்கும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7, வந்தது 2001-இல். நம் கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை எல்லாம் இன்னும் அதில்தான் பிறக்கின்றன. அந்தக் காலத்து ஃபாண்டுகளில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்திருப்பார்கள். அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் முருகன் பெயர்கூட ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும், அது விண்டோஸாகவே இருந்தாலும். லிபர்ஆபீஸ் பேஜ்மேக்கர் ஃபைலை ஓரளவு திறக்கும், ஆனால் பக்க அமைப்பு குலைந்தால் செயலாளர் முகத்தில் முழிக்க முடியாது. ஆகவே அதைத் திறந்து காட்டி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். எழுத்தை மட்டும் யூனிகோடுக்கு மாற்றி (மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன), அடுத்த திருவிழா நோட்டீஸைப் புதிதாக லிபர்ஆபீஸில் செய்து, பிடிஎஃப் ஆக்கி அச்சகத்துக்கு அனுப்புங்கள். வருடா வருடம் தேதியும் உபயதாரர் பெயரும்தானே மாறப் போகிறது? பிள்ளைகளில் ஒருத்தி தமிழ்99 கீபோர்டில் வேகமாகத் தட்டுகிறாள் என்று செயலாளர் கண்ணால் பார்த்துவிட்டால், எந்த இயங்குதளம் என்று அவரும் கேட்கமாட்டார்.

பெற்றோர் சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம். மோல்மேனில் ஒரு கணக்குப்பிள்ளை வேலைக்குப் போனால் எக்செல்தான் வைத்திருப்பார்கள். லிபர்ஆபீஸில் எக்செலுக்கு இணையான கால்க்கில் கூட்டல், நிபந்தனை, தேடல் சூத்திரங்கள் பெரும்பாலும் அதே பெயரில் அதே மாதிரி வேலை செய்கின்றன, கற்ற பாடம் வீண் போகாது. ஆனாலும் ஆறில் ஒன்றில் உரிமம் உள்ள விண்டோஸ் இருக்கட்டும். நன்கொடையாக வந்த பெட்டி என்றால் சிலவற்றில் பக்கவாட்டில் அசல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், பாருங்கள். மாதத்தில் ஒரு வகுப்பு அதில் நடத்துங்கள். பிள்ளைகள் இரண்டையும் ஒரே நாளில் பழகிவிடுவார்கள். பெற்றோர் வாயும் அடைபடும். கொள்கைக்கு விரோதம் என்று உங்கள் நண்பர்கள் சொன்னால் சொல்லட்டும்.

அப்புறம் முக்கியமான வேலை ஒன்று. கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிற கம்ப்யூட்டர் கடைக்குப் போய் அந்தப் பையனோடு பேச்சுக் கொடுங்கள். லினக்ஸ் போடு என்று கேட்க வேண்டாம். பழைய மெஷின் மெதுவாக ஓடுகிறது என்று யாராவது கொண்டுவந்தால் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள், கூப்பிட்டால் போய் நில்லுங்கள். அவன் கேட்கிற அந்தப் பக்கத்துக் கடைக்காரர் நீங்களாக இருந்தால் போதும்.

டேட்டா செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறு மெஷினும் தனித்தனியாக அப்டேட் இறக்கினால் கோயில் உண்டியல் தாங்காது. ஒன்றில், இறக்கிய அப்டேட்டைச் சேமித்து வைத்துப் பகிர்ந்து கொடுக்கிற ஏபிடி-கேச்சர்-என்ஜி நிரலைப் போட்டு, மற்ற ஐந்தையும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி அமையுங்கள். ஒரு முறை இறக்கியது ஆறுக்கும் ஆகும், கரண்ட் இருக்கிற நேரத்துக்குள் வேலையும் முடியும். பிரிண்டர் வாங்கும் யோசனை இருந்தால் விலை குறைவு என்று எதையும் தூக்கி வந்துவிடாதீர்கள். மலிவான லேசர் பிரிண்டர் சிலவற்றுக்குத் தயாரித்தவரின் தனி டிரைவர் இல்லாமல் ஒரு வரிகூட அடிக்காது. ஏர்பிரிண்ட் அல்லது ஐபிபி எவ்ரிவேர் என்று போட்டிருந்தால் லினக்ஸில் டிரைவர் தேடாமலேயே ஓடும். செயலாளரிடம் பணம் கேட்பதற்கு முன் மாடல் பெயரை எனக்கு எழுதுங்கள், விசாரித்துச் சொல்கிறேன்.