வீடியோ போட்டும் மாணவர்கள் பார்க்காமல் வந்தால்?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பிக்கிறேன். வகுப்பில் 120 பேர். இந்தப் பருவத்தில் விரிவுரைகளை 50 நிமிட வீடியோக்களாகப் பதிவேற்றி, வகுப்பு நேரத்தைக் கலந்துரையாடலுக்கு விட்டேன். பலர் வீடியோ பார்க்காமலே வருகிறார்கள். ‘நீங்களே நடத்திவிடுங்கள்’ என்கிறார்கள். பழைய முறைக்கே திரும்பிவிடலாமா?

பதில்: திரும்பாதீர்கள். விரிவுரையை இடம் மாற்றி வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். மாற வேண்டியது வகுப்பில் நடப்பது. ‘கலந்துரையாடுங்கள்’ என்றால் 120 பேரில் நான்கு பேர்தான் பேசுவார்கள். எல்லோரும் பதில் சொல்லியே தீரவேண்டிய கேள்வி ஒன்று வேண்டும்.

மேல்நோக்கி எறிந்த பந்து உச்சியை எட்டும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? இதைக் கேட்டுப் பாருங்கள். சமன்பாடுகளைச் சரளமாகப் போடுபவர்களே ‘பூஜ்ஜியம்’ என்பார்கள். வேகம் பூஜ்ஜியமானால் முடுக்கமும் பூஜ்ஜியம் என்ற தவறான எண்ணம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. முதலில் ஒவ்வொருவரும் தனியாக யோசித்து வாக்களிக்கட்டும். கைபேசி வேண்டும் என்றுகூட இல்லை, விடைத் தெரிவுகளைக் குறிக்கும் அ, ஆ, இ எழுத்து அட்டைகள் போதும். சரியான விடை சொன்னவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால், விடையைச் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரிடம் வாதாடச் சொல்லுங்கள். மூன்று நிமிடம் கழித்து மறு வாக்கெடுப்பு. அதற்குப் பிறகுதான் உங்கள் விளக்கம். முதல் வாக்கெடுப்பிலேயே 30 சதவீதத்துக்குக் குறைந்தால் நீங்களே மறுபடி விளக்குங்கள், 70-ஐத் தாண்டினால் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991-இல் தொடங்கிய முறை இது. நேற்றுப் புரிந்துகொண்ட மாணவருக்கு எங்கே சறுக்கியது என்பது இன்னும் நினைவிருக்கும். நமக்கு அது மறந்து வெகுகாலமாகிறது. சக மாணவரின் விளக்கம் எடுபடுவதற்குக் காரணம் அதுவே என்று நினைக்கிறேன்.

வீடியோக்களைத் துண்டு துண்டாக வெட்டுங்கள். எட்எக்ஸ் (edX) என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை அலசிய 2014 ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமானாலும் மாணவர்கள் பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு (median) ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. ஒவ்வொரு துண்டின் முடிவிலும் இரண்டு கேள்விகள், அவற்றுக்குச் சிறு மதிப்பெண். பார்க்காமல் வந்தவர்களுக்காக வகுப்பில் முழுவதையும் திரும்ப நடத்தாதீர்கள். நடத்தினால் பார்த்துவிட்டு வருபவர்களும் நிறுத்திவிடுவார்கள்.

முணுமுணுப்பு இருக்கும். ஹார்வர்டில் இயற்பியல் வகுப்புகளை வைத்து நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், இப்படி உழைத்துக் கற்றவர்கள் தேர்வில் அதிகம் பெற்றார்கள்; ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். திருத்தமான விரிவுரை எல்லாம் புரிந்துவிட்டது போன்ற நிறைவைத் தருகிறது, தடுமாறி யோசிப்பது அதைத் தருவதில்லை. இதை முதல் வாரமே வகுப்பில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்த 2014 பகுப்பாய்வில், விரிவுரை மட்டும் கேட்டவர்களில் 34 சதவீதமும், செயல்பட்டுக் கற்றவர்களில் 22 சதவீதமும் தோற்றிருந்தார்கள் என்பதையும் சொல்லலாம்.

அதைவிட, உங்கள் வகுப்பின் எண்களே அவர்களை நம்பவைக்கும். ஒரே ஓர் அலகில் இப்படி நடத்திவிட்டு, இரண்டு வாக்கெடுப்பு முடிவுகளையும் திரையில் அருகருகே போட்டுக் காட்டுங்கள்.